ஆயில் பிரஷர் மீட்டர் பொருத்தும் தொழில்: இளம் மெக்கானிக்குகளுக்கு ஒரு வழிகாட்டி

காரின் டாஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு என்று அதைச் சொல்கிறோம். இழவுச் சேதி சொல்லும் விளக்கு என்பதே பொருத்தம். பெரும்பாலான கார்களில் அதை இயக்கும் சுவிட்ச், ஆயில் பிரஷர் சுமார் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே விழுந்தால்தான் வேலை செய்யும். நன்றாகச் சூடேறிய என்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது பொதுவாக 2.5, 3 பார் பிரஷராவது இருக்க வேண்டும். அந்த வேகத்தில் அது 1 பாருக்கு இறங்கினால் பேரிங்குக்குக் கேடுகாலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விளக்கோ அப்போதும் எரியாது. அது எரிந்து நீங்கள் வண்டியை ஓரங்கட்டும்போது பல நேரம் என்ஜினை இறக்கும் வேலைதான் மிச்சம்.

ஆயில் சூட்டுக்கு அந்த விளக்குகூடக் கிடையாது. டாஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள் கூலன்ட்டின் சூட்டைக் காட்டுகிறது. பல கார்களில் அந்த முள்ளும் நடுவில் போய் நின்றுவிட்டால் பிறகு லேசில் அசையாதபடி கம்பெனியே செய்துவைத்திருக்கிறது. கூலன்ட் 90 டிகிரியில் நிதானமாக இருக்கும்போதே ஆயில் 130 டிகிரியைத் தொட்டிருக்கலாம். ஓட்டுபவருக்குத் தெரியாது.

இந்த இடைவெளியில்தான் ஒரு வேலை இருக்கிறது. வெளியில் வாங்கிய பிரஷர் சென்சாரையும் டெம்பரேச்சர் சென்சாரையும் என்ஜினில் பொருத்தி, உள்ளே மீட்டர் வைத்துக் கொடுக்கும் வேலை. கேட்டு வருபவர்கள் பலவகை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் வார இறுதியில் ஓட்டுபவர்கள் ஒருவகை. மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கோவை கரிவர்தனின் பெயரைத் தாங்கிய டிராக் அது. அந்த ஊரில் இந்தத் தேவை புதிதல்ல. டர்போ காரை ரீமேப் செய்தவர்கள் இன்னொரு வகை. பழைய காரைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பவர்கள், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை அடிக்கடி ஏறுபவர்கள் என்று மற்றவர்களும் உண்டு.

மீட்டரை மாட்டிக் கொடுக்க ஆள் நிறையவே இருக்கிறார்கள். அந்த மீட்டர் காட்டும் எண் சரி என்று பொறுப்பேற்கும் ஆள்தான் குறைவு. நீங்கள் அந்த இரண்டாவது ஆளாக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நம் பட்டறைகளில் மெக்கானிக் ஒருவர், எலெக்ட்ரீஷியன் வேறொருவர். மெக்கானிக் பைப்பையும் போல்ட்டையும் பார்ப்பார்; ஒயர் என்றதும் பக்கத்துக் கடைக்குப் போன் போடுவார். சென்சார் இந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது: ஒரு முனை ஆயிலில், மறுமுனை ஒயரில். மீட்டர் தப்பாகக் காட்டினால் இவர் அவரைச் சொல்வார், அவர் இவரைச் சொல்வார். இரண்டு முனையையும் ஒரே ஆள் பார்க்கத் தெரிந்தால் அவருக்குத் தனி மதிப்பு. ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு. அந்த அடித்தளம் போதும். அதற்குமேல் வேண்டியது மல்டிமீட்டரைப் பயமில்லாமல் எடுக்கும் பழக்கமும் மரையை அளந்து பார்க்கும் பொறுமையும்.

மரையில் தொடங்குங்கள்

இந்த வேலையில் என்ஜினைக் கெடுக்கும் தவறுகளில் பெரும்பங்கு மரையில்தான் நடக்கிறது. கம்பெனி ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிய துளையில்தான் பொதுவாக நம் சென்சார் போகும். பெரும்பாலான சிறிய பெட்ரோல் என்ஜின்களில் அது ஆயில் ஃபில்டர் பக்கத்திலோ சிலிண்டர் ஹெட்டின் ஓரத்திலோ இருக்கும். ஜப்பானிய வழி என்ஜின்களில் அந்தத் துளை பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி. ஐரோப்பிய என்ஜின்கள் பலவற்றில் எம்10, 1 மில்லிமீட்டர் பிட்ச். ஆனால் கடையில் கிடைக்கும் சென்சார்களில் பெரும்பகுதி 1/8 என்பிடி.

பிஎஸ்பிடி, என்பிடி இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. இரண்டும் கூம்பு மரை. ஆனால் என்பிடியில் அங்குலத்துக்கு 27 மரை, 60 டிகிரி கோணம். பிஎஸ்பிடியில் 28 மரை, 55 டிகிரி. பிஎஸ்பிடி துளையில் என்பிடி சென்சாரை வைத்தால் கையாலேயே இரண்டு மூன்று சுற்றுப் போகும். பிறகு இறுகும். கூம்பு மரைதானே, பிடிக்கிறது போலும் என்று பையன் ஸ்பேனரை எடுத்து இன்னொரு சுற்றுக் கொடுப்பான். அலுமினியத் துளையில் மரை அங்கேயே சிதைந்துவிடும். வண்டி நிற்கும்போது ஒரு சொட்டுக்கூட வராது. மறுநாள் காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் கெட்டியாக இருக்கும், பிரஷர் 5 பார் வரை ஏறும். அப்போது கசியத் தொடங்கும். அந்த ஆயில் எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் முதலில் புகை வரும். அதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

ஆகவே பிட்ச் கேஜ் ஒன்று வாங்குங்கள். விலை அதிகமில்லை. கழற்றிய பழைய சுவிட்சின் மரையில் கேஜைப் பதித்து, விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையில் ஒளி தெரியாமல் உட்கார்ந்தால் அது சரியான அளவு. கூம்பு மரையில் வெர்னியர் மட்டும் நம்பத்தக்கதல்ல, ஏனெனில் எந்த இடத்தில் பிடிக்கிறீர்களோ அதற்கேற்ப அளவு மாறும். துளையும் சென்சாரும் ஒத்துப்போகவில்லை என்றால் அடாப்டர் வாங்குங்கள், அல்லது தெரிந்த லேத் பட்டறையில் கடைந்து வாங்குங்கள். என்ஜின் பிளாக்கில் டேப் போட்டு மரையை மாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். உலோகத் துகள் ஆயில் வழிக்குள் போனால் அடுத்து நிற்கும் இடம் பேரிங்.

கூம்பு மரையைக் கையால் இறுகும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் ஒன்றரை முதல் இரண்டு சுற்று. அதற்குமேல் வேண்டாம், கூம்பு ஆப்பு மாதிரி வேலை செய்து அலுமினியத்தைப் பிளந்துவிடும். எம்10 போன்ற நேர் மரைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதில் கசிவைத் தடுப்பது வாஷர். செம்பு வாஷரோ ரப்பர் வளையம் வைத்த வாஷரோ, எதுவானாலும் புதிது போட வேண்டும். டெஃப்லான் டேப் சுற்றுவதாக இருந்தால் முனையில் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். இல்லையென்றால் பிய்ந்த துணுக்கு உள்ளே போகும். மரைக்கான திரவ சீலன்ட் இதைவிட மேல்.

கம்பெனி சுவிட்சை எடுத்தெறிந்துவிட்டு அந்த இடத்தில் நம் சென்சாரை வைப்பது பலர் செய்யும் வேலை. செய்யாதீர்கள். சிவப்பு விளக்கு தாமதமாக எரிந்தாலும் அது இருக்கட்டும். டீ பீஸ் போட்டால் இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் அந்தப் பித்தளை டீயை நேரே பிளாக்கில் திருகி, அதில் கனமான டப்பா போன்ற பழைய மாதிரி சென்சாரை, அதாவது சென்டரை (sender), தொங்கவிடக் கூடாது. என்ஜினின் அதிர்வில் பித்தளையின் கழுத்து நாளடைவில் விரிசல் விடும். ஒருநாள் முறியும். முறிந்த துளை வழியே ஆயில் முழுவதும் சாலைக்குப் போகச் சில நிமிடம் போதும். பிளாக்கிலிருந்து ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் ஒன்றை எடுத்து, டீயையும் சென்சாரையும் ஃபயர்வாலில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். செலவு கொஞ்சம் கூடும். வாடிக்கையாளர் பேரம் பேசினால் மீட்டரை மலிவாக வாங்கச் சொல்லுங்கள், ஹோஸில் கைவைக்க விடாதீர்கள்.

பிரஷர் வேறு, சூடு வேறு

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டால் ஊரில் பாதி மெக்கானிக்குகளைத் தாண்டிவிடுவீர்கள். பிரஷரை ஓட்டமில்லாத இடத்திலும் அளக்கலாம். ஹோஸின் முனை அடைத்திருந்தாலும் அங்கே அதே பிரஷர்தான். சூடு அப்படியல்ல. ஆயில் ஓடாமல் தேங்கி நிற்கும் டீயிலோ ஹோஸ் முனையிலோ டெம்பரேச்சர் சென்சாரை வைத்தால், அந்தத் தேங்கிய ஆயிலின் சூட்டைத்தான் அது காட்டும். என்ஜினுக்குள் ஆயில் கொதித்துக்கொண்டிருக்க, மீட்டர் சாதுவாக எதையோ காட்டும். பிரஷருக்காகப் போட்ட டீயில் மிச்சமிருக்கும் துளையில் சூட்டு சென்சாரையும் சொருகிவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். அந்த மிச்சம் வேண்டாம்.

சூட்டு சென்சாருக்கு இரண்டு நல்ல இடங்கள். ஒன்று, ஆயில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் சாண்ட்விச் பிளேட். அதில் ஆயில் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபில்டர் மரையில் 3/4 அங்குலம் 16 மரை, எம்20 1.5 பிட்ச் என்று இரண்டு அளவுகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று 19.05 மில்லிமீட்டர், மற்றது 20. இங்கும் கண்ணை நம்பக் கூடாது. பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் பிளாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது தெரியாமல் மேலே புதிய வளையம் உட்கார்ந்தால் இரண்டு ரப்பரும் நழுவி ஆயில் பீய்ச்சி அடிக்கும். கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: பிளேட்டின் துளை ஃபில்டருக்கு முன்னுள்ள ஆயிலைத் தொடுகிறதா, வடிகட்டிய ஆயிலைத் தொடுகிறதா என்று பாருங்கள். வெளிவட்டத் துளைகள் வழியே ஆயில் ஃபில்டருக்குள் போகிறது, நடுத்துளை வழியே திரும்புகிறது. பிரஷரும் அங்கேயே எடுப்பதாக இருந்தால், ஃபில்டருக்கு முன்னால் எடுத்த பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்; பேரிங்குக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

இரண்டாவது இடம் ஆயில் பான். டிரெயின் போல்ட்டுக்குப் பதிலாக சென்சார் வைத்த போல்ட் போடுவது சுலபமாகத் தெரியும். கார் எவ்வளவு தாழ்வு என்று முதலில் குனிந்து பாருங்கள். நம் ஊர் வேகத்தடையில் அடிவயிறு உரசும் காருக்கு இது ஆகாது. ஒயர் அறுந்தால் போகட்டும், சென்சாரே உடைந்தால் ஆயில் பான் காலி. சென்சார் எந்த இடத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து எண்ணும் மாறும் என்பதால், எங்கே வைத்தீர்கள் என்று பில்லில் எழுதுங்கள்.

ஒயர் பக்கம்

பழைய பாணி சென்டருக்கு ஒரே ஒரு ஒயர். உடம்பே எர்த். வீடிஓ கம்பெனி வகையில் பிரஷர் சைபரில் சுமார் 10 ஓம், முழு அளவில் சுமார் 180 ஓம். அமெரிக்க வகையில் தலைகீழ்: 240 ஓமில் தொடங்கி 33-க்கு இறங்கும். ஒரு கம்பெனி சென்டரையும் இன்னொரு கம்பெனி மீட்டரையும் ஜோடி சேர்த்தால் முள் ஆடும், மனம் குளிரும், எண் பொய். மீட்டரும் சென்டரும் ஒரே பெட்டியில் வந்தவையா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடிஓ வகையில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. மரையில் டேப் அதிகமாகச் சுற்றியோ துருப்பிடித்தோ எர்த் பலவீனமானால் மொத்த ஓம் கூடும். ஓம் கூடினால் மீட்டர் பிரஷரைக் கூட்டிக் காட்டும். என்ஜின் கெட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாம் நலம் என்று சொல்லும் மீட்டர், மீட்டரே இல்லாததைவிட மோசம். பொருத்தி முடித்ததும் சென்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும்.

இப்போது அதிகம் வருவது மூன்று ஒயர் எலெக்ட்ரானிக் சென்சார்: 5 வோல்ட், எர்த், சிக்னல். பிரஷர் இல்லாதபோது சிக்னல் 0.5 வோல்ட், முழு அளவில் 4.5. கணக்கு எளிது. 0 முதல் 10 பார் சென்சார் என்றால் ஒவ்வொரு பாருக்கும் 0.4 வோல்ட். மீட்டர் 4 பார் காட்டும்போது சிக்னல் ஒயரில் 2.1 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் மீட்டரின் செட்டிங் தப்பு, 150 பிஎஸ்ஐ சென்சாருக்கு 100 பிஎஸ்ஐ என்று யாரோ தேர்ந்தெடுத்திருப்பார்கள். சாவி போட்டு என்ஜின் ஓடாத நிலையில் சிக்னல் 0.5-க்குப் பதில் சுத்தமாகச் சைபர் என்றால் சப்ளை வரவில்லை அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. 5 வோல்ட்டை ஒட்டி நின்றால் சென்சாரின் எர்த் போயிருக்கும். இந்த 5 வோல்ட்டை மீட்டரிலிருந்தே எடுங்கள். காரின் ஈசியு தன் சென்சார்களுக்குக் கொடுக்கும் 5 வோல்ட் லைனில் கைவைத்தால் பிறகு என்ஜின் ஏன் மக்கர் செய்கிறது என்று ஊரெல்லாம் தேட வேண்டியிருக்கும்.

சூட்டு சென்சார் பெரும்பாலும் என்டிசி. சூடு ஏற ஏற ஓம் குறையும். பாஷ் எம்12 சென்சாரை எடுத்துக்கொண்டால் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 100 டிகிரியில் சுமார் 186 ஓம். 100 டிகிரி பக்கத்தில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 5 ஓம்தான் மாறுகிறது. கனெக்டரில் பச்சை பூத்து 10 ஓம் கூடினாலே மீட்டர் 2 டிகிரி குறைத்துச் சொல்லும். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கத்தை இந்த வேலையில் விட்டுவிடுங்கள். சரியான கிரிம்பிங் பிளையர், ஹீட் ஷ்ரிங்க், வளைவு நெளிவான பிளாஸ்டிக் குழாய். ஃபயர்வாலைக் கடக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட். ஒயரை இக்னிஷன் காயிலிலிருந்தும் எக்சாஸ்ட்டிலிருந்தும் தள்ளியே கொண்டுபோங்கள். மீட்டருக்கான கரண்டைச் சாவி போட்டால் மட்டும் வரும் லைனில், தனிச் சிறு ஃபியூஸ் போட்டு எடுங்கள். டாஷ்போர்டுக்குள் மஞ்சள் நிற உறையில் போகும் ஒயர்கள் ஏர்பேக்குடையவை. அவற்றைத் தொடாதீர்கள்.

ஆயிலையே சிறிய நைலான் குழாயில் கேபினுக்குள் கொண்டுவரும் மெக்கானிக்கல் மீட்டர் இன்னமும் விற்பனைக்கு வருகிறது. குழாய் கழன்றால் கொதிக்கும் ஆயில் ஓட்டுபவரின் காலில். தெருவில் ஓடும் காருக்கு அதைப் பொருத்திக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

சோதனைதான் உங்கள் சம்பளம்

பொருத்துவது அரைநாள் வேலை. அதை யாரும் கற்றுக்கொள்ளலாம். சரிபார்த்துக் கொடுப்பதற்குத்தான் உங்களைத் தேடி வருவார்கள்.

சூட்டு சென்சாரை என்ஜினில் வைப்பதற்கு முன்பே, மீட்டரோடு இணைத்து, கொதிக்கும் தண்ணீரில் முனையை மட்டும் தோயவிடுங்கள். சென்னையில் 100 டிகிரி காட்ட வேண்டும். ஊட்டியில் பட்டறை வைத்திருப்பவர்கள் 100-ஐ எதிர்பார்த்துச் சென்சாரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

பிரஷருக்கு, பட்டறையில் இருக்கும் மெக்கானிக்கல் டெஸ்ட் கேஜை அதே டீயில் தற்காலிகமாக மாட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். ஐடிலில், 2,000-ல், 3,000-ல். இந்த ஒப்பீட்டைச் செய்யாத பட்டறைதான் அதிகம்.

முதல்முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். மீட்டரில் பிரஷர் எழுந்த பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒவ்வொரு மரையையும் வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். கூலன்ட் சூடானதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். ஆயில் 90 டிகிரி தொடும்வரை வண்டியை ஓட்டி, அதன் பிறகு எடுக்கும் எண்தான் எண். குளிரில் 4, 5 பார் காட்டிய ஐடில் பிரஷர் சூட்டில் 1, 1.5 பாருக்கு இறங்கும். ஆயில் நீர்த்தால் அப்படித்தான்.

ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, 4,000 ஆர்பிஎம்முக்கு 40 பிஎஸ்ஐ, அதாவது 2.8 பார். தோராயமாகப் பார்க்க உதவும். ஆனால் 0டபிள்யூ-20 ஆயிலும், தேவைக்கேற்பப் பிரஷரைக் குறைத்துக்கொள்ளும் பம்ப்பும் உள்ள புதிய என்ஜின்களில் அந்தக் கணக்கு எடுபடாது. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை.

எடுத்த எண்களை ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளரிடம் கொடுங்கள், ஒரு நகல் நீங்கள் வையுங்கள். தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு, சென்சார் இருக்கும் இடம், குளிரில் ஐடில், சூட்டில் ஐடில், சூட்டில் 3,000. இரண்டு வருடம் கழித்து அதே வண்டி வரும்போது அந்தத் தாளுக்கு விலை கிடையாது. அதே ஆயிலில், அதே சூட்டில் பிரஷர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது என்ஜினின் தேய்மானத்தைச் சொல்லும்.

மீட்டர் வைத்த புதிதில் வாடிக்கையாளர் உங்களுக்கு அடிக்கடி போன் செய்வார். தயாராக இருங்கள்.

“தம்பி, சிக்னல்ல நின்னா பிரஷர் பாதியா போயிடுதுங்க. என்ஜின் போச்சுங்களா?”

“இல்லைங்கண்ணா. ஆயில் சூடு எவ்வளவு காட்டுதுங்க?”

“நூத்தி அஞ்சு.”

“தாள்ல சூட்டுல ஐடில்னு எழுதியிருக்கேன் பாருங்க, அதுல என்ன இருக்கு?”

“ஒண்ணு புள்ளி ரெண்டு. இப்பவும் அதேதானுங்க.”

“அப்ப நிம்மதியா ஓட்டுங்கண்ணா. வேகத்துல போறப்ப, வளைவுல திரும்பறப்ப முள் டக்குனு விழுந்தா மட்டும் உடனே கூப்பிடுங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு மிக முக்கியம். நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் பானில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். பிரஷர் ஒரு நொடி விழுந்து மீளும். மீட்டரைப் பார்த்துக்கொண்டு யாரும் வளைவில் ஓட்ட முடியாது. அதனால் அலாரம் அளவை நீங்களே செட் செய்து கொடுங்கள், அல்லது பதிவு செய்துகொள்ளும் லாகரைப் பரிந்துரையுங்கள். ஆயில் சூடு தெருவில் 90 முதல் 110 டிகிரி வரை இயல்பு. டிராக்கில் 130-ஐ நெருங்கினால் ஒரு ரவுண்டு மெதுவாக ஓட்டிச் சூட்டைத் தணிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி அப்படியென்றால் ஆயில் கூலர் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது.

எதை மறுப்பது, எப்படிக் கூலி கேட்பது

வாரண்டியில் இருக்கும் புதிய கார் வந்தால், ஆயில் வழியில் கைவைத்தால் கம்பெனி வாரண்டியில் தகராறு செய்யலாம் என்று முதலிலேயே சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கம்பெனியே பிரஷர் சென்சார் வைத்து ஈசியு மூலம் ஆயில் பம்ப்பைக் கட்டுப்படுத்தும் என்ஜினில் அந்தச் சென்சாரைக் கழற்றாதீர்கள். வேறு துளை இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே சிவப்பு விளக்கு மின்னும் வண்டிக்கு மீட்டர் கேட்டு வருபவருக்குத் தேவை பிரஷர் டெஸ்ட், மீட்டர் அல்ல.

பில்லில் பொருளின் விலை தனி, பொருத்தும் கூலி தனி, சோதனைக் கூலி தனி. மூன்றையும் ஒரே வரியில் போட்டால் வாடிக்கையாளர் இணையத்தில் மீட்டரின் விலையைப் பார்த்துவிட்டு மொத்தப் பணமும் உங்கள் லாபம் என்று நினைப்பார். சோதனை என்று தனி வரி இருந்தால் கேள்வி கேட்பார், நீங்கள் தாளைக் காட்டுவீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் கசிவு பார்க்க ஒருமுறை வரச் சொல்லுங்கள். அதற்குப் பணம் வாங்காதீர்கள்.

இதே கைப்பழக்கத்துக்குப் பெரிய இடங்களிலும் வேலை உண்டு. ஓரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம், மகிந்திரா சிட்டியில் உள்ள மகிந்திரா ரிசர்ச் வேலி போன்ற இடங்களில் நடப்பது வாகனச் சோதனை. டெஸ்ட் பெஞ்சில் ஏறும் ஒரு என்ஜினில் பிரஷர் சென்சார்களும் தெர்மோகப்பிள்களும் கொத்துக் கொத்தாகப் பொருத்தப்படும். அதைச் செய்பவரை இன்ஸ்ட்ருமென்டேஷன் டெக்னீஷியன் என்பார்கள். நேர்முகத்தில் கேட்கக்கூடிய கேள்வி, “மீட்டர் சைபர் காட்டுகிறது, முதலில் என்ன செய்வாய்?” என்பதுபோல் சாதாரணமாக இருக்கும். சென்சாரை மாற்றுவேன் என்பவர் அங்கேயே தோற்றார். “என்ஜினை நிறுத்துவேன். ஆயில் அளவு பார்ப்பேன். பிறகு சிக்னல் வோல்ட் பார்ப்பேன், அதன்பின் மெக்கானிக்கல் கேஜ் மாட்டுவேன்” என்ற வரிசை வாயில் தானாக வர வேண்டும். எண் பொய்யாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாக இருந்தால் ஓடும் ஒவ்வொரு நொடியும் பேரிங்கின் ஆயுள்.

அங்கே போக விருப்பமென்றால் இப்போதே உங்கள் சோதனைத் தாள்களின் நகல்களை ஒரு ஃபைலில் சேர்க்கத் தொடங்குங்கள். வண்டி எண்ணையும் உரிமையாளர் பெயரையும் மறைத்துவிட்டு, எண்களை மட்டும் காட்டுங்கள். சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கும். அளந்து எழுதிய தாள் சிலரிடம்தான் இருக்கும். பிட்ச் கேஜ், மல்டிமீட்டர், மெக்கானிக்கல் டெஸ்ட் கேஜ் ஆகிய மூன்றையும் வாங்கும்வரை இந்த வேலையை யாரிடமும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.